இதழுக்கு இலையின் நரம்பைப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் சிறுவர் இணைப்பின் நடுப்பக்கத்தில் ‘பூவின் பாகங்கள்’ என்று ஒரு பெரிய படம் வந்திருந்தது. அச்சு தெளிவாக இருந்தது. புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்தத்தாள், சூலகம் என்று ஒவ்வொன்றுக்கும் கோடு இழுத்துப் பெயர் போட்டிருந்தார்கள். பெயர்களில் ஒரு பிழையும் இல்லை. பிழை இருந்தது இதழ்களில். ஐந்து இதழ்களிலும் நடுவில் ஒரு தடித்த கோடு. அதிலிருந்து இரண்டு பக்கமும் மீன்முள் மாதிரி சாய்வாகக் கிளைக் கோடுகள். படத்தின் கீழே ‘செம்பருத்தி’ என்று எழுதியிருந்தது. செம்பருத்தி இதழில் நரம்பு அப்படி ஓடாது. படம் வரைந்தவர் இலையின் நரம்பைக் கொண்டுவந்து இதழில் வைத்துவிட்டார்.

இத்தனை சின்ன விஷயத்துக்கு இத்தனை நீளமாக ஒரு கடிதமா என்று நினைத்துவிடாதீர்கள். இதே தவற்றை ஒரு காலத்தில் நான் செய்தேன். அதனால் நஷ்டப்பட்டது நானல்ல, ஒரு மாணவி. அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

நான் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். செய்முறை வகுப்புக்கு வேண்டிய செடி கொடிகளைக் காலையில் பறித்து வந்து தண்ணீரில் போட்டு வைப்பது, ஸ்லைடு கழுவுவது, சாயம் கலக்குவது, உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பெயர்ச்சீட்டு எழுதுவது, தேர்வுக்கு மேசை தயார் செய்வது எல்லாம் என் வேலை. கைக்குப் படம் நன்றாக வரும் என்பதால் சுவரில் மாட்டும் படங்களும் என்னிடமே வரும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, பூவின் பாகங்களைக் காட்டும் பெரிய படம் ஒன்று உடனே வேண்டும் என்றார்கள். துணி ஒட்டிய தாளில் ஒரே மாலையில் வரைந்து முடித்தேன். இதழ்களுக்குச் சிவப்பு அடித்த பிறகு பார்த்தால் வெறிச்சென்று இருந்தது. நரம்பு போட்டால் உயிர் வரும் என்று தோன்றியது. போட்டேன். பூ என் மேசை மேலேயே, குடுவையில் இருந்தது. ஒரு இதழைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. பார்க்கவில்லை. அதுவரை நூற்றுக்கணக்கான இலை நரம்பு வரைந்த கை. அது பாட்டுக்கு நடுக்கோட்டை இழுத்து, கிளைக் கோடுகளையும் போட்டுவிட்டது.

அந்தப் படம் கரும்பலகைக்குப் பக்கத்தில் 9 ஆண்டுகள் தொங்கியது. ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் அதைப் பார்த்துத்தான் ரெக்கார்டு நோட்டில் வரைந்தார்கள். ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் கேட்கவில்லை.

ஒன்பதாம் ஆண்டுச் செய்முறைத் தேர்வில் செம்பருத்தி கொடுத்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மேசை மேசையாகப் பார்த்து வந்தார். முதலாண்டு மாணவி ஒருத்தி இதழைத் தனியாகப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் வைத்து, கைலென்ஸால் பார்த்து வரைந்திருந்தாள். அவள் படத்தில் நடுக்கோடே இல்லை. அடியிலிருந்து விசிறி மாதிரி கோடுகள் விரிந்து, ஒவ்வொன்றும் இரண்டு இரண்டாகப் பிரிந்து ஓரம் வரை போயின. தேர்வாளர் பேனாவால் சுவரில் இருந்த என் படத்தைக் காட்டி, “அதைப் பார்த்தாவது வரைந்திருக்கலாமே” என்றார். அவள், “சார், பூவில் இப்படித்தான் இருக்கு” என்றாள். சத்தம் மிகச் சின்னதாக வந்தது. அவர் படத்தின் மேல் சிவப்பு மையில் ஒரு சுழி போட்டு, மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

தேர்வு முடிந்து மேசைகளைத் துடைக்கும்போது அவள் கண்ணாடித் தட்டில் அந்த இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தேன். அவள் வரைந்ததுதான் சரி.

மறுநாள் துறைத்தலைவரிடம் சொன்னேன். மதிப்பெண் பட்டியல் அதற்குள் போய்விட்டது. படத்தைக் கழற்றிப் புதிதாக வரைந்து மாட்டினேன். அந்தப் பெண்ணிடம் என் தவறு என்று ஒப்புக்கொண்டேன். அவள், “பரவாயில்லை அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அது பரவாயில்லை ஆகவில்லை. அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை கையில் கிடைத்த பூவின் இதழை எல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. இந்தக் கடிதத்தில் சொல்வது பெரும்பாலும் அப்படிப் பார்த்ததும், ஆய்வகத்துக்கு வந்த பேராசிரியர்களைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதும்.

செம்பருத்தி இதழிலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் படமும் அதுதானே. இதழின் அடி குறுகலாக, வெளுத்து, சற்றுத் தடிப்பாக இருக்கும். நரம்புகள் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே நுழைகின்றன. நுழைந்ததும் விரிகின்றன. எது தாய், எது பிள்ளை என்று சொல்ல முடியாதபடி ஒரு நரம்பு கவைபோல் இரண்டாகும்; இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமனில் இருக்கும். கொஞ்ச தூரம் போய் ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகும். ஒரு முறை ஊசிமுனையை ஒரு நரம்பின் மேல் வைத்து அடியிலிருந்து ஓரம் வரை நகர்த்திப் பார்த்தேன். ஐந்து இடத்தில் கவை வந்தது. கடைசிக் கிளைகள் ஓரத்துக்குச் சற்று முன்பே நின்றுவிட்டன. இலையில் ஓரத்தை ஒட்டி நரம்புகள் ஒன்றோடொன்று வளைந்து சேர்ந்துகொள்ளுமே, அந்தச் சேர்க்கை இங்கே மிகக் குறைவு.

இன்னொன்றும் கவனித்தேன். செம்பருத்தி இதழின் இரண்டு பாதியும் சமமாக இருக்காது. மொட்டில் ஐந்து இதழும் முறுக்கிக்கொண்டு இருக்கும். ஒவ்வொன்றின் ஒரு விளிம்பு பக்கத்து இதழுக்கு மேலே, மறு விளிம்பு அடுத்ததற்குக் கீழே. அதனால் விரிந்த பிறகும் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கும். நரம்புகளும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் விரியும். உங்கள் படத்தில் ஐந்து இதழும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இருபுறமும் ஒரே அளவில் இருந்தன. நடுக்கோடு போட்டால் அப்படித்தான் ஆகும். கோடு பாதிப்பாதியாக வெட்டிவிடுகிறது.

சரி, ஏன் இதழுக்கு இப்படி, இலைக்கு அப்படி?

இலையின் வேலையும் ஆயுளும் வேறு. அது மாதக்கணக்கில் இருக்க வேண்டும். வெயிலில் உணவு தயாரிக்க வேண்டும். அதற்காக இலைத்துளைகளைத் திறந்து வைத்து நீரை ஓயாமல் இழக்க வேண்டும். நீர் வந்துகொண்டே இருக்க வேண்டும், தயாரித்த சர்க்கரை வெளியே போய்க்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஒரு புழு ஓட்டை போட்டாலும் ஓட்டைக்கு அப்பால் உள்ள பகுதி பிழைக்க வேண்டும். அதற்குத்தான் வலைப்பின்னல். ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழியாக நீர் சுற்றிக்கொண்டு வரும். 2010ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: எந்தச் சேதமும் வராது, நீர்த் தேவையும் மாறாது என்று வைத்துக்கொண்டால், செலவு குறைந்த அமைப்பு வளையமே இல்லாத கிளைகள்தான். சேதமும் ஏற்ற இறக்கமும் வரும் என்று சேர்த்துவிட்டால் உடனே வளையங்கள் தோன்றிவிடுகின்றன. ஓட்டை போட்ட எலுமிச்சை இலையில் ஒளிரும் சாயத்தை ஏற்றிப் பார்த்தபோது சாயம் ஓட்டையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. கிங்கோ மரத்தின் இலைக்கு வளையம் கிடையாது, கவை கவையாகப் பிரியும் நரம்புகள் மட்டும்தான். அதில் ஓட்டைக்கு நேர் மேலே இருந்த பகுதிக்குச் சாயம் போகவில்லை.

இதைப் படித்தபோது செம்பருத்தி இதழ் நினைவுக்கு வந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். காலையில் விரிந்து மாலையில் சுருண்டுவிடும் இதழ் எந்தப் புழுவுக்குப் பயந்து மாற்று வழி போட்டு வைக்க வேண்டும்? அது உணவு தயாரிப்பது இல்லை என்றே சொல்லலாம். வேண்டிய சர்க்கரை செடியிலிருந்து வருகிறது. இலைத்துளைகளும் அதில் மிகச் சில, அல்லது இல்லவே இல்லை. பெரும்பாலான பூக்களில், ஒரே அளவு பரப்பை எடுத்துக்கொண்டால், இலையில் இருப்பதைவிட இதழில் நரம்பின் நீளம் குறைவு. பல செடிகளின் இலையையும் இதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்த ஆய்வு 2013ல் வந்தது. அதில் இன்னொன்றும் தெரிந்தது: இலையின் நரம்பு அடர்த்தியும் இதழின் நரம்பு அடர்த்தியும் ஒன்றையொன்று பின்பற்றி மாறவில்லை, தனித்தனிப் பாதையில் போயிருக்கின்றன. ஒரே செடியில் இருந்தாலும் இலையைப் பார்த்து இதழின் நரம்பை ஊகிக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதழ் என்பது மாறிய இலைதானே என்று சிலர் கேட்பார்கள். 1790ல் ஜெர்மன் கவிஞர் கெத்தே அப்படித்தான் எழுதினார், அதில் உண்மையும் இருக்கிறது. சில மரபணுக்களை முடக்கினால் பூவின் பாகங்கள் எல்லாம் இலைபோல ஆகிவிடுவதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இலையிலிருந்து வந்தது என்பதற்காக இலைமாதிரியே வரையலாம் என்று ஆகாது. நரம்பையே சாட்சியாக வைத்து வேறு மாதிரி வாதாடியவர்களும் உண்டு. பல பூக்களில் புல்லிக்குள் இலைக்குப் போலவே தண்டிலிருந்து மூன்று நரம்புகள் நுழையும். இதழுக்கோ மகரந்தத்தாளுக்குப் போல ஒன்றே ஒன்று. ஆகவே இத்தகைய இதழ்கள் மகரந்தத்தாளிலிருந்து வந்தவை என்றார்கள். எங்கள் துறையிலேயே இதைப் பற்றி இரண்டு பேராசிரியர்கள் தேநீர் ஆறும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள்.

நரம்பு எப்படி இந்த வழி, அந்த வழி என்று தேர்ந்தெடுக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இளம் இதழில் முதலில் நரம்பே இருக்காது, ஒரே மாதிரி செல்கள்தான். ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் அந்தச் செல்கள் வழியாகக் கசிந்து ஓடுகிறது. எந்தச் செல் வழியாகக் கொஞ்சம் அதிகம் ஓடியதோ, அந்தச் செல் இன்னும் அதிகம் கடத்தத் தயாராகிறது. அதிகம் கடத்துவதால் பக்கத்தில் உள்ளதையும் தன் பக்கம் இழுக்கிறது. மண்மேட்டின் சரிவில் மழைநீர் தனக்குத்தானே வாய்க்கால் வெட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். கடைசியில் அந்த வரிசைச் செல்கள் மட்டும் நரம்பாகிவிடுகின்றன. ஜெருசலேமில் இருந்த ட்ஸ்வி சாக்ஸ் என்ற தாவரவியலாளர் பட்டாணி நாற்றுகளை வெட்டி, வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்து, புதுக் குழாய்த்திசு எந்தத் திசையில் உண்டாகிறது என்று பார்த்துப் பார்த்து 1969லிருந்து இதை எழுதினார். பிறகு ஆக்சினைச் செல்லிலிருந்து ஒரு பக்கமாக வெளியேற்றும் புரதங்களையும் கண்டுபிடித்தார்கள். ஒவ்வோர் இதழிலும் நரம்பு கொஞ்சம் வேறாக இருப்பது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே பூவின் ஐந்து இதழ்களை எடுத்து முதல் கவை எங்கே வருகிறது என்று பாருங்கள். ஐந்திலும் ஒரே இடத்தில் வராது. வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு அச்சடித்தது மாதிரி இருக்காது.

நரம்பின் உள்ளே பார்த்தவர்களுக்கு இன்னொரு மகிழ்ச்சி காத்திருக்கிறது. நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் இதழை ஊறவைத்தால் நிறமும் செல்லின் உள்ளீடும் போய்க் கண்ணாடிபோல் ஆகிவிடும். இலைக்கு நாள் கணக்கில் ஆகும். இதழ் சீக்கிரம் தெளிந்துவிடும், கொஞ்சம் கவனம் தப்பினால் கூழாகவும் ஆகிவிடும். அதைத் தூரிகையால் ஏந்திக் கழுவி, சாஃப்ரனின் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், நீரைக் கடத்தும் மரத்திசுக் குழாய்கள் சிவப்பாகத் தெரியும். அந்தக் குழாயின் சுவரில் பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் போலவே சுருள் சுருளாகத் தடிப்பு ஓடும். இதழ் விரியும்போது மிக வேகமாக நீள்கிறது அல்லவா, கெட்டியான குழாய் என்றால் பிய்ந்துவிடும். சுருள் என்பதால் கூடவே நீண்டுகொடுக்கிறது. முதல்முறை அதைப் பார்த்த மாணவர்கள் கண்ணை எடுக்காமல் அடுத்தவரைக் காக்க வைத்துவிடுவார்கள். (இதைக் குழந்தைகள் வீட்டில் செய்யக் கூடாது. அந்தக் காரம் கையைப் புண்ணாக்கும், கண்ணுக்கு ஆபத்து.)

எல்லா இதழிலும் விசிறிதான் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பழைய தவற்றுக்குப் பதில் புதுத் தவறு. மந்தாரை இதழைப் பாருங்கள். அடி காம்புபோல் ஒடுங்கி, நடுவில் ஒரு நரம்பு தெளிவாக ஓடி, பக்கக் கிளைகள் பிரியும். அதற்கு உங்கள் ஓவியரின் கோடு ஓரளவு பொருந்தும். லில்லிக் குடும்பப் பூக்களில் அடியிலிருந்து நுனிவரை நரம்புகள் ஏறக்குறைய இணையாகப் போகும். சங்குப்பூவின் பெரிய இதழில் தொண்டையிலிருந்து விசிறி. நீலத்தின் மேல் கருநீலக் கோடு, வெறும் கண்ணுக்கே தெரியும். கொடிகளில் பூக்கும் காலைப்பூவை, அந்தப் புனல்வடிவப் பூவை எடுத்துக்கொண்டால், இதழ்கள் ஒட்டிப்போய் ஒரே குடைபோல் இருக்கும். குடைக்கம்பிபோல் ஐந்து பட்டைகள் ஓடும். அந்தப் பட்டைகள்தாம் பூவை மூடுகின்றன. பட்டையின் ஒரு பக்கத்துச் செல்களும் மறுபக்கத்துச் செல்களும் நீரின் விறைப்பில் வேறுபட்டதும் பட்டை உள்நோக்கிச் சுருள, பூவும் கூடவே சுருளும். ஹான்ஸ் கெண்டே என்ற தாவரவியலாளரும் உடனிருந்தவர்களும் 1970களில் இந்தப் பட்டைகளைத் தனியாக வெட்டித் திரவத்தில் மிதக்கவிட்டு, பூ இல்லாமலே அவை சுருண்டுகொள்வதைப் பார்த்தார்கள்.

ஆனால் எனக்கு மிகவும் வியப்பு சூரியகாந்திதான். நாம் பூ என்று சொல்வது ஒரு பெரிய கூட்டம். நடுவட்டில் இருக்கும் ஒவ்வொரு சிறு குழலும் ஒரு பூ. அந்தக் குழல் ஒன்றை ஊசியால் நீளவாக்கில் கீறி, தட்டையாக விரித்து வையுங்கள். மேலே ஐந்து சிறு மடல்கள். எந்தப் பூவாக இருந்தாலும் மடலின் நடுவே ஒரு நரம்பு ஏறும் என்றுதான் எதிர்பார்ப்போம். இங்கே மடலின் நடு காலியாக இருக்கும். ஐந்து நரம்புகளும் மடலுக்கும் மடலுக்கும் இடையே உள்ள பிளவுக்கு நேராக ஏறுகின்றன. பிளவை எட்டியதும் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து, ஒன்று இடது மடலின் ஓரமாக, மற்றது வலது மடலின் ஓரமாகப் போய், மடலின் நுனியில் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் நரம்பைச் சந்திக்கின்றன. ஓரத்துக்கு நூல் வைத்துத் தைத்தது மாதிரி இருக்கும். சூரியகாந்திக் குடும்பத்தின் தனி அடையாளங்களில் இது ஒன்று. 1810களிலேயே தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் இதை எடுத்துச் சொல்லியிருக்கிறார். நீரில் மிதக்கும் நுண்துகள் ஓயாமல் துள்ளுவதை 1827ல் பார்த்தாரே, அதே பிரவுன். அரை அங்குலம்கூட இல்லாத குழலில் நரம்பு எங்கே போகிறது என்று இருநூறு ஆண்டுக்கு முன்பு ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நம்மிடம் இப்போது கைபேசியிலேயே பெரிதாக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது.

உங்கள் படத்தின் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியும் இருந்தது. ‘இதழில் உள்ள நிறக்கோடுகள் அதன் நரம்புகளே’ என்று ஒரு வரி. இதையும் கொஞ்சம் திருத்த வேண்டும். நாய்வாய்ப்பூ என்று சிலர் சொல்லும் ஸ்னாப்டிராகன் பூவில் ஒரு வகை உண்டு. வெளிர் இதழில் நரம்புநரம்பாகச் சிவப்புக் கோடு. அந்தச் சிவப்பு நரம்புக்குள்ளே இல்லை. நரம்புக்கு நேர்மேலே உள்ள புறத்தோல் செல்களில் இருக்கிறது. இதை நடத்துவது வெனோசா என்ற மரபணு. 2006ல் அதை விவரித்தார்கள். அந்த மரபணு நரம்பைச் சுற்றி வேலை செய்கிறது, நரம்பை விட்டு விலக விலகக் குறைகிறது. நிறம் உண்டாக அதற்கு ஒரு கூட்டாளி வேண்டும். அந்தக் கூட்டாளி புறத்தோலில்தான் இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடம் நரம்புக்கு மேலே உள்ள மெல்லிய பட்டை மட்டும்தான். அங்கே மட்டும் ஆந்தோசயனின் நிறமி சேர்கிறது. ஆக, நரம்பு தன் மேலே இருக்கும் தோலில் தன்னைப் படம் வரைகிறது. நீர் கொண்டுவரும் குழாயாக இருந்தது பூச்சிக்கு வழிகாட்டும் கோடாகவும் ஆகிவிட்டது.

இந்தக் கோடுகள் தேன் இருக்கும் இடத்தைக் காட்டுகின்றன என்று 1793ல் எழுதியவர் கிறிஸ்டியன் கான்ராட் ஸ்பிரெங்கல். ஜெர்மனியில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர். அவர் காலத்தில் அதை அதிகம் பேர் மதிக்கவில்லை. டார்வின் எடுத்துப் பேசிய பிறகுதான் பெயர் வந்தது. அடியை நோக்கி நெருங்கிக்கொண்டே போகும் கோடுகளை இப்போது ஒரு பூவில் பார்த்தால், அந்தத் தலைமையாசிரியர் மொட்டுகளுக்கு முன் குனிந்து நிற்பது போலவே எனக்கு இருக்கும். எல்லாப் புள்ளியும் கோடும் நரம்பைப் பின்பற்றுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பல பூக்களின் தொண்டைப் புள்ளிகளுக்கும் நரம்புக்கும் சம்பந்தம் இருக்காது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் போடுங்கள். மூலையில் பொடி எழுத்தில் போட்டால் போதாது, படம் வந்த அதே அளவுக்குப் போடுங்கள். சுவரில் தொங்கிய ஒரு படம் 9 ஆண்டுகளில் எத்தனை நோட்டுப் புத்தகங்களுக்குப் போனது என்று நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பக்கத்தை எத்தனை பள்ளிகளில் வெட்டி ஒட்டுவார்கள்!

அதைவிட நல்லது, படமே போடாமல் இதழின் வெளிக்கோட்டை மட்டும் அச்சிட்டு உள்ளே காலியாக விடுவது. குழந்தைகள் கையில் கிடைக்கும் பூவை எடுத்து, பார்த்து, நரம்பை அவர்களே போடட்டும். பார்க்கும் வழியை மட்டும் சொல்லிக் கொடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாலே பாதி தெரிந்துவிடும். தெரியவில்லை என்றால் இதழை ஒரு கண்ணாடி மேல் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, விரலால் மெதுவாக அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். இதழ் வெள்ளையாகவும் மங்கலாகவும் தெரிவதற்குச் செல்களுக்கு இடையே உள்ள காற்று ஒரு காரணம். காற்று வெளியேறி நீர் புகுந்தால் இதழ் எண்ணெய்த்தாள் மாதிரி ஆகி, நரம்பு பளிச்சென்று வரும். ஜப்பானின் மலைக்காடுகளில் டிஃபிலேயா என்ற செடியின் வெள்ளைப் பூ மழையில் நனைந்ததும் கண்ணாடிபோல் ஆவது இதே காரணத்தால்தான். காய்ந்ததும் மறுபடி வெளுத்துவிடும்.

வெள்ளைப் பூ கிடைத்தால் இன்னும் சுலபம். காம்பைத் தண்ணீருக்குள்ளேயே சாய்வாக வெட்டி, உணவுக்குப் போடும் நீல நிறம் கலந்த நீரில் நிறுத்தி வைக்க வேண்டும். சில மணி நேரத்தில் முதல் நீலம் தெரிவது பெரும்பாலும் இதழின் ஓரத்தில்தான். நரம்பு முடியும் இடத்தில் நீர் ஆவியாகிப்போக, நிறம் அங்கேயே தங்கிச் சேர்ந்துவிடுகிறது. அப்புறம்தான் ஓரத்திலிருந்து அடிவரை கோடுகள் தெளிவாகும். குழந்தைகள் நடுவில்தான் முதலில் நிறம் வரும் என்று எதிர்பார்ப்பார்கள். எதிர்பார்த்ததை முதலில் எழுதி வைத்துவிட்டு, வந்ததைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

வெவ்வேறு மாதிரி படங்கள் வந்து சேர்ந்தால் எது சரி என்று தீர்ப்பு சொல்லாதீர்கள். ஒரே செடியின் இரண்டு பூவில்கூட நரம்பு ஒரே மாதிரி இருக்காது. எந்தப் பூ, எந்த நாள், இதழ் விரிந்து எத்தனை நேரம் என்று குறித்திருந்தால் போதும். அதை வாங்கி வெளியிடுங்கள்.

இத்துடன் மூன்று அட்டைகள் இணைத்திருக்கிறேன். முதலாவதில் செம்பருத்தி இதழ், அழுத்தி உலர்த்தியது. நிறம் ஊதாவாகப் போய்விட்டது, நரம்பு கெடவில்லை. இரண்டாவதில் சூரியகாந்திக் குழல் மூன்று, கீறி விரித்து ஒட்டியிருக்கிறேன். லென்ஸ் வைத்தால்தான் தெரியும், பிளவு இருக்கும் இடத்துக்குப் பென்சிலால் அம்புக்குறி போட்டிருக்கிறேன். மூன்றாவது, பழைய சுவர்ப்படத்துக்குப் பதிலாக நான் வரைந்த புதுப் படத்தின் சிறிய நகல். உங்கள் ஓவியருக்குப் பயன்பட்டால் எடுத்துக்கொள்ளலாம், பெயர் போட வேண்டாம். முதல் அட்டையை ஸ்கேன் செய்யும்போது மூடியை அழுத்தி மூடாதீர்கள், இதழ் பொடிந்துவிடும். மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்துவிட்டு மூடியைத் திறந்தபடியே எடுத்தால் கவைகள் எல்லாம் தெளிவாக விழும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆய்வக உதவியாளர்